ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல்

போர் வந்தால் ஒளிந்துகொள்ள
வீட்டுக்கொன்று கட்டித் தந்திருக்கிறார்கள்,
கனத்த இரும்புக் கதவோடு சின்னஞ்சிறு அறை.
உள்ளே இருபது கிலோ அரிசி, ஓடாத மின்விசிறி,
பள்ளி விடுமுறையில் மட்டும் வெளியே வரும் மூன்று பெட்டிகள்,
அவற்றுக்குப் பின்னால்
சுவரைப் பார்த்தபடி என் கேன்வாஸ்.

யீஷூனில் இதுவரை போர் இல்லை.
நான்தான் ஒளிகிறேன்,
சுபுஹு தொழுகைக்கும்
ரய்யானின் முதல் 'உம்மா'வுக்கும் நடுவே
நாற்பது நிமிடம்.

எண்ணெய் வண்ணத்தை இவன் பிறந்த வருடமே விட்டுவிட்டேன்.
அது காய நாலு நாள் கேட்கும்,
திறந்த ஜன்னல் கேட்கும்,
கைக்குழந்தை இல்லாத வீடு கேட்கும்.
அக்ரிலிக் இருபது நிமிடத்தில் காய்கிறது.
என்னைப் போல அதற்கும் எங்கோ போகவேண்டியிருக்கிறது.

வரைவது எதிர் புளோக்கை.
பன்னிரண்டு மாடி, மாடிக்கு எட்டு ஜன்னல்.
முழு ஓவியம் ஒன்றை ஒரே மூச்சில் முடிக்க
இந்த வீட்டில் மூச்சு மிச்சமில்லை என்று தெரிந்த அன்று
எனக்கு நானே எழுதிக்கொண்ட ஒப்பந்தம்:
மேல்மாடியிலிருந்து வரிசையாக,
ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல்.

அடுப்படியில் நின்று ஒரு வெளிச்சத்தைப் பார்த்து
ஏழு எட்டு நடந்து அறைக்குள் வருவதற்குள்
நிறம் சிந்திவிடக் கூடாது.
வழியில் ஒரு லெகோ துண்டை மிதித்தால் போச்சு.
பத்தாம் மாடியில் மீன்தொட்டி நீலம் இப்படித்தான்
கொஞ்சம் வலியோடு வந்து சேர்ந்தது.
எட்டாம் மாடியில்
சீருடைக்கு இஸ்திரி போடுகிறவரின் ட்யூப்லைட் வெள்ளை.
நேற்று மூன்றாம் மாடி மூலை,
சாமி மாடத்துச் சிவப்பு பல்பு.

கறுப்பாகவே விட்ட ஜன்னல்களும் உண்டு.
ரய்யானுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் வந்து
பிள்ளைப் பராமரிப்பு நிலையம் திருப்பி அனுப்பிய ஏழு நாள்.
ஹக்கீமுக்குத் துவாஸ் துறைமுகத்தில்
அடுத்தடுத்து இரட்டை ஷிப்ட்.
இல்ஹாமுக்குப் பின்னக் கணக்கு புரியாத இரவுகளின் விடியல்கள்.
விட்டதைப் பிறகு நிரப்புவதில்லை.
தூக்கத்தில் கடன் வாங்கினால்
வட்டி முகத்தில் தெரிகிறது.

சமூக மன்றக் கண்காட்சிக்குப் படம் தேர்வு செய்யும் பெண்
கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"இருட்டை எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறீர்கள்!"
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல,
காய்ச்சல் நூற்றிரண்டு என்றா?

இன்று தண்ணீர் குடிக்க எழுந்த இல்ஹாம்
இரும்புக் கதவருகில் நின்றுவிட்டாள்.
தொடக்கநிலை ஆறு. கழுத்தில் இன்னும் தூக்கத்தின் சூடு.
விரலால் தொடாமல், காற்றில் எண்ணினாள்.
"இந்த ஏழு, தம்பிக்கு முடியாமப் போனப்பதானே?"
ம்.
"அத்தாவுக்கு?"
நாலு.
"எனக்கு?"

மூன்றோ நாலோ என்று சொல்லியிருக்கலாம்.
பொய்யை அவள் கண்டுபிடித்துவிடும் வயது;
எண்ணவும் தெரிந்த வயது.
பதினொன்று என்றேன்.

கதவில் சாய்ந்து உதடு அசைத்தாள்.
"தொண்ணூத்தாறுல பதினொண்ணு.
இதைச் சுருக்க முடியாது உம்மா."

பின்னம் புரிந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து
வகுப்பில் இப்போது தன்னோடு பேசாத ஒருத்தியைப் பற்றி
ஆரம்பித்துவிட்டாள்.
தொட்டு வைத்த மஞ்சள் தட்டிலேயே தோல் கட்டியது.
நாற்பது நிமிடம் போனது தெரியவில்லை,
உள்ளே ரய்யான் கூப்பிடும்வரை.

ஆக, இன்றைக்கும் ஜன்னல் இல்லை.
இல்ஹாம் கணக்கில் பன்னிரண்டு.
இப்போது சுருங்கும்:
எட்டில் ஒன்று.
அவளிடம் சொல்லவில்லை,
பேருந்தில் போகும்போது தானே கண்டுபிடிக்கட்டும்.

பிரஷைத் தண்ணீரில் போட மறந்திருக்கிறேன்.
கல்லாகிக் கிடக்கிறது.
ஆறாம் நம்பர் பிரஷ், நல்ல பிரஷ்.